மாலை போடாத படம்

போடியில் டிசம்பர் 24 எப்படி விடியும் என்று எங்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். முந்தின நாள் ராத்திரியே முக்குக்கு மேசை வந்துவிடும். மேலே வெள்ளை வேட்டி விரித்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருக்கும் எம்.ஜி.ஆர். படத்தை நிறுத்தி, ஒலிபெருக்கி கட்டுவோம். காலை பத்து மணிக்கு மாலை, மத்தியானம் சோறு. 1987-ல் அவர் காலமானதிலிருந்து ஒரு வருஷம்கூட இது நின்றதில்லை. ஏலக்காய் விலை படுத்து எங்கள் கையில் காசு புரளாத வருஷங்களில்கூட வசூல் பண்ணி நடத்தினோம்.

2005-லும் நடத்தினோம். மறுநாள் காலை மேசையைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில், டீக்கடைப் பேப்பரில் பார்த்தோம். நடிகை பி. பானுமதி டிசம்பர் 24 அன்று சென்னையில் காலமானார், வயது 80. எங்கள் தலைவர் படம் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. முந்தின நாள் போட்ட மாலை வாடக்கூட இல்லை. எங்களில் ஒருவர் "பானுமதி போயிட்டாகளாம்" என்றார். "அப்படியா" என்றோம். மேசையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

அந்த "அப்படியா"தான் எங்கள் குற்றம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் ஒரே தேதியில் போனார்கள். ஒருவருக்கு மட்டும் மாலை போட்டுக்கொண்டிருக்கிறோம். மாலை கட்ட ஆள் இல்லாமல் இல்லை, மேசையில் இடம் இல்லாமலும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஏல வியாபாரத்தோடு ஒட்டியவர்கள், பாதிப் பேர் தோட்ட வேலைக்குப் போனவர்கள். எம்.ஜி.ஆர். படங்களை ரீல் ரீலாக மனப்பாடம் செய்தவர்கள். 1963 ஏப்ரலில் வந்த 'கலை அரசி'யையும் அப்படித்தான் வைத்திருந்தோம். வேற்றுக் கிரகம், பறக்கும் தட்டு, விண்கலத்துக்குள் எடையில்லாமல் மிதக்கிற மனிதர்கள் எல்லாம் அப்போதே தமிழில் வந்துவிட்டன. ஏ. காசிலிங்கம் இயக்கிய அந்தப் படம்தான் இந்தியாவில் வேற்றுக் கிரகவாசிகளைக் காட்டிய முன்னோடிப் படங்களில் முதல் வரிசையில் நிற்பது. "வாத்தியார் அப்பவே விண்வெளிக்குப் போயிட்டாரு" என்று மார்தட்டினோம். அவர் எதற்காகப் போனார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

கதையை நினைத்துப் பாருங்கள். விஞ்ஞானத்தில் உச்சிக்குப் போய்விட்ட ஒரு கிரகம். ஆனால் அங்கே கலை இல்லை. பூமியில் தேடுகிறார்கள். வாணி என்ற பெண் பாடுவதைக் கேட்டு, இவள்தான் நமக்கு வேண்டும் என்று தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்த வாணி பானுமதி. அவளைப் போலவே இருக்கும் புத்தி பேதலித்த வள்ளியும் பானுமதிதான். எம்.ஜி.ஆர். அவளை மீட்கப் பின்னால் போகிறார். அதாவது, தமிழ்த் திரையில் முதலில் பூமியை விட்டுக் கிளம்பியவள் ஒரு பெண். படம் வந்து இரண்டு மாதம் கழித்துத்தான், 1963 ஜூன் 16 அன்று, சோவியத் நாட்டின் வாலன்டினா தெரஷ்கோவா நிஜமாகவே விண்வெளிக்குப் போன முதல் பெண் ஆனார்.

இதை எங்களுக்கு முன்னாலேயே கண்டுகொண்டவர் என் அம்மா. வீட்டுத் திண்ணையில் முறத்தில் ஏலக்காயைக் கொட்டி வைத்துக்கொண்டு பொறுக்குவார். வெடித்த காய் ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம், பருத்த பச்சைக் காய் ஒரு பக்கம். கை தன் பாட்டுக்கு ஓடும், கண் எங்களைப் பார்க்கும். நான் 'கலை அரசி'யில் தலைவர் போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அம்மா இடைமறித்தார். "ஏய்யா, எல்லாப் படத்துலயும் பொம்பளைய அழகுக்குல்ல தூக்கிட்டுப் போவாக. இந்த அம்மாவப் பாட்டுக்குல்ல தூக்கிட்டுப் போனாக. அதச் சொல்ல மாட்டேங்கிறியே." சொல்லிவிட்டு முறத்தை ஒரு தட்டு தட்டினார். நான் அதைக் காதில் வாங்கவே இல்லை, சண்டைக்குத் திரும்பிவிட்டேன்.

அம்மா இளவயதில் மலைக்குப் போனவர். விடியற்காலை இருட்டில் ஜீப் ஏறினால், முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு சுற்றி, போடிமெட்டு வழியாக பூப்பாறைப் பக்கத் தோட்டங்களுக்கு. செடிக்கடியில் குனிந்து, சரத்தில் பழுத்த காயை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு, இருட்டுகிற நேரம் திரும்பி வருவார்கள். இன்றும் அப்படித்தான் போகிறார்கள். அந்தப் பெண்கள் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பானுமதியைப் பார்த்தவர்கள். தன் பாட்டைத் தானே பாடுகிற, எதிரே யார் நின்றாலும் நிமிர்ந்து பேசுகிற ஒருத்தியை அவர்களுக்குப் பிடித்திருந்தது. எங்கள் ரசிகர் மன்றத்தில் பெண்களைச் சேர்த்ததே இல்லை. அதனால் அந்தப் பிரியம் எங்கள் கணக்கில் வரவில்லை.

பிடிக்காததற்கு எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். எல்லோரும் எம்.ஜி.ஆரை 'அண்ணே' என்று அழைத்த காலத்தில் பானுமதி 'மிஸ்டர் ராமச்சந்திரன்' என்பாராம். 'நாடோடி மன்னன்' எடுத்தபோது இருவருக்கும் ஒத்துப்போகாமல், அவர் பாத்திரம் கதையின் நடுவிலேயே செத்துப்போகும்படி ஆனது. இதை வைத்து நாங்கள் சொன்ன சொற்களைப் பேப்பரில் எழுத முடியாது. "தலைக்கனம்" என்பது அவற்றில் ரொம்ப மென்மையானது. 'மலைக்கள்ளன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்' என்று பார்த்து விசிலடித்த அதே வாயால் சொன்னோம்.

அவர் யார் என்று தெரியாமல் சொன்னோம் என்று தப்பிக்கவும் முடியாது. 1953-ல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழியில் தானே இயக்கினார். கணவர் பி.எஸ். ராமகிருஷ்ண ராவோடு பரணி ஸ்டூடியோ நடத்தினார். தெலுங்கில் அவர் எழுதிய மாமியார் கதைகள் பேர்போனவை. 'நடிப்புக்கு இலக்கணம்' என்று அறிஞர் அண்ணா சொன்னார். 1966-ல் பத்மஸ்ரீ. ஆண் செய்தால் 'சகலகலா வல்லவன்' என்போம். பெண் செய்ததைத் தலைக்கனம் என்றோம்.

இதில் எங்களை உண்மையிலேயே தலைகுனிய வைப்பது வேறொன்று. எங்கள் தலைவருக்கு அந்த மனக்கசப்பு மிஞ்சவில்லை. 'நாடோடி மன்னன்' வந்து ஐந்து வருஷத்தில் 'கலை அரசி'யில் சேர்ந்து நடித்தார், அதே வருஷம் 'காஞ்சித் தலைவ'னிலும். முதலமைச்சரான பின் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராக அவரை அமர்த்தினார். கலை தேடி வந்த அந்தக் கிரகத்துக்காரர்கள் செய்ததை நாற்காலி போட்டு மரியாதையாகச் செய்தார் என்றுகூடச் சொல்லலாம். அவர் மதித்தவரை அவர் பேரைச் சொல்லியே நாங்கள் இளப்பமாகப் பேசினோம். நடிகை என்பதால் ஒதுக்குகிற ஊரும் இல்லை இது. 1989-ல் சேவல் சின்னத்தில் ஜெயலலிதாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர்.

எங்கள் கண்ணைத் திறந்தது அமெரிக்காவில் நடந்த ஒரு சாவு. நிச்செல் நிக்கோல்ஸ் 2022 ஜூலை 30 அன்று காலமானார். பானுமதி பத்மஸ்ரீ வாங்கிய அதே 1966-ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் ஊரா என்ற விண்கல அதிகாரியாக நடித்த கறுப்பினப் பெண். நடுவில் விலக நினைத்தவரை, அந்தப் பாத்திரம் எங்கள் மக்களுக்கு வேண்டும் என்று சொல்லித் தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். பிற்பாடு நாசாவுக்காக ஊர் ஊராகப் போய், பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர் வேலைக்கு மனுப் போட வைத்தார். 2024 ஜனவரியில் அவர் அஸ்தியில் ஒரு பங்கு ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்கே போனது. அந்தச் செய்தியை என் மகள் போனில் படித்துக் காட்டிவிட்டு, "நம்ம ஊர்ல இப்படி யாரும் நடிச்சிருக்காங்களாப்பா?" என்றாள். வாய் திறந்தேன். 'வாத்தியார்' என்று வரவிருந்த நாக்கு நின்றுவிட்டது. அம்மா முறத்தைத் தட்டிய சத்தம் கேட்டது.

அம்மா இப்போது இல்லை. ஆனால் அவரோடு ஜீப் ஏறிய இருவர் இருக்கிறார்கள். போன மாதம் அவர்களையும் உட்கார வைத்து 'கலை அரசி' பார்த்தோம். எங்களுக்குச் சண்டையெல்லாம் ஏற்கெனவே தெரியும். இந்த முறை வாணியைப் பார்த்தோம். மிரட்டுகிறவன் முன்னால் அந்த முகம் தாழவே இல்லை. ஒரு பாட்டி படம் முடியும் வரை பேசாமல் இருந்துவிட்டு, "இத்தன வருசமா இந்த அம்மா படத்த எங்க வச்சிருந்தீக?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

வருகிற டிசம்பர் 24 அன்று அதே மேசையில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று வழக்கமான படம். இன்னொன்று வாணியாக பானுமதி. நிகழ்ச்சியைக் காலை பத்து மணியிலிருந்து இரவு ஏழு மணிக்கு மாற்றியிருக்கிறோம். மலைக்குப் போன பெண்கள் அதற்குள் திரும்பியிருப்பார்கள். முதல் மாலையை அவர்கள்தான் போட வேண்டும். முந்தல் ரோட்டில் ஜீப்பை விட்டு இறங்குகிற தாய்மார்களே, வீட்டுக்குப் போகும் முன் ஒரு நிமிஷம் முக்குக்கு வந்துவிட்டுப் போங்கள்.