பங்குனி வெயிலை நம்பி மலை ஏறலாமா?

பங்குனி பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் மலைப் பாதைகளில் கூட்டம் சேரத் தொடங்கிவிடும். நேர்த்திக்கடன் உள்ள பெரியவர்கள், வேலைக்கு லீவு போட்ட தகப்பன்மார், சித்திரையில் பரீட்சை முடிந்த பிள்ளைகள் என்று எல்லாரும் மூட்டை கட்டுகிறார்கள். ஊரில் வெயில் கொளுத்துகிறது. வானத்தில் பொட்டு மேகம் கூட இல்லை. "இது மழைக்காலமா, பனிக்காலமா? பயம் எதற்கு?" என்று சொல்லிக்கொண்டு புறப்படுகிறார்கள்.

இந்தத் தைரியம்தான் பல குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பங்குனியும் சித்திரையும் சாதுவான மாதங்கள் அல்ல. குளிர், வெயில், இடி, வெள்ளம், காட்டுத்தீ ஆகிய ஐந்தும் வரக்கூடிய மாதங்கள் இவை. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

உச்சியில் வேறு சீதோஷ்ணம்

கோவைக்கு மேற்கே உள்ள வெள்ளியங்கிரி மலையைப் பார்ப்போர் பலர். பிப்ரவரி முதல் மே வரை அங்கே பக்தர்கள் ஏழு மலை கடந்து போகிறார்கள். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலோர் இரவில் ஏறுகிறார்கள். உச்சி, அடிவாரத்தைவிட ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் இருக்கிறது.

மேலே போகப் போக ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி உஷ்ணம் குறையும். ஆகவே அடிவாரத்தைவிட உச்சியில் 8 டிகிரி வரை குறைந்திருக்கும். அதோடு திறந்த வெளியில் காற்று வேறு வீசும். ஏறி வந்தவரின் சட்டையோ வியர்வையில் நனைந்திருக்கும். ஈரச் சட்டையில் காற்றுப் பட்டால் உடம்புச் சூடு வெகு சீக்கிரம் இறங்கிவிடும். கீழே விசிறி வேண்டியிருந்தவருக்கு மேலே கம்பளி வேண்டியிருக்கிறது.

செங்குத்தான ஏற்றமும், தூக்கமில்லாத இரவும், குளிரும் சேர்ந்தால் இருதயம் பலவீனமானவர்கள் தாங்கமாட்டார்கள். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்த மலையில் பக்தர்கள் சிலர் மூச்சுத் திணறியும் மயங்கி விழுந்தும் உயிரிழந்தனர். இருதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது. மாற்றுச் சட்டை ஒன்று, போர்வை ஒன்று எல்லார் பையிலும் இருக்க வேண்டும்.

மத்தியானம் கூடும் மேகம்

கோடையில் காலை வானம் கண்ணாடி போல் இருக்கும். வெயில் ஏற ஏற மலைச் சரிவு சூடாகிறது. அதைத் தொட்ட காற்றும் சூடாகி மேலே எழுகிறது. எழும் காற்றில் ஈரம் இருந்தால், உயரத்தின் குளிர்ச்சியில் அது மேகமாகிறது. பதினோரு மணிக்குப் பஞ்சுப் பொதி போல் இருந்த மேகம், இரண்டு மூன்று மணிக்குள் கறுத்துக் கோபுரம் போல் வளர்ந்துவிடும். பிறகு இடிதான்.

மின்னல் உயர்ந்த இடத்தையும் தனித்து நிற்கும் பொருளையும் நாடும். மலை முகட்டில் நிற்கும் மனிதனே அங்கே உயர்ந்த பொருள். மின்னலைக் கண்டதும் விநாடிக்கு ஒன்றாக எண்ண வேண்டும். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம் என்பது கணக்கு. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே முகட்டை விட்டு இறங்க வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக்கூடாது. எல்லாரும் ஒரே இடத்தில் நெருங்கி நிற்கவும் கூடாது.

மழை இல்லாமல் வரும் வெள்ளம்

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு அருகே உள்ளது சதுரகிரி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அங்கே பெருங்கூட்டம் சேரும். போகிற வழியில் ஓடைகளைக் கடக்க வேண்டும். கோடையில் அவை வறண்டு கிடக்கும். அல்லது கணுக்கால் அளவு நீர் ஓடும். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்படிப்பட்ட ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்களை அடித்துச் சென்றது. பலர் மாண்டனர்.

நிற்கும் இடத்தில் தூறல் கூட விழாமல் இருக்கலாம். ஆனால் மேலே எங்கோ கொட்டிய மழை முழுவதும் இந்த ஓடை வழியாகத்தான் இறங்க வேண்டும். பாறைச் சரிவு நீரைக் குடிக்காது. அதனால் சில நிமிஷங்களிலேயே வெள்ளம் பெருகிவிடும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே இரைச்சல் கேட்டால், அது எச்சரிக்கை. ஓடையை விட்டு விலகி மேட்டில் ஏறிவிட வேண்டும். எவ்வளவு நேரமானாலும் நீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும். முழங்கால் அளவு வேக நீர் பெரிய ஆளையே புரட்டிவிடும். குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தீ மேல்நோக்கி ஓடும்

தேனி மாவட்டத்தில் போடிக்கு மேலே இருக்கிறது குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த புல்லில் தீ பரவியது. பலத்த காற்று அதை விரட்டியது. அந்தத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளம் வயதினர்.

சமவெளியில் தீ பரவுவது வேறு. மலையில் பரவுவது வேறு. சரிவில் தீச்சுவாலை மேலே உள்ள புல்லை நோக்கிச் சாய்கிறது. அந்தப் புல் தீ வருமுன்பே காய்ந்து சூடேறி நிற்கிறது. பகலில் காற்றும் சரிவில் மேல்நோக்கியே வீசுகிறது. ஆகையால் தீ மனிதனைவிட வேகமாக மேடு ஏறும். அதன் முன்னால் மேல்நோக்கி ஓடி ஜெயிக்க முடியாது. பக்கவாட்டில் விலகிப் புல் இல்லாத பாறையையோ, வெட்டவெளியையோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய நிலத்தையோ நாட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ந்த காட்டுக்குள் பீடி, சிகரெட், தீப்பெட்டி, கற்பூரம் எதுவும் போகக்கூடாது.

பாடம் என்ன?

குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. வனத்துறையின் மலையேற்றப் பாதைகள் 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக்கு அஞ்சி மூடப்பட்டன. சிலர் இதைக் கெடுபிடி என்று முணுமுணுக்கிறார்கள். இரவோடிரவாகக் காவலரின் கண்ணில் படாமல் உள்ளே நுழைகிறவர்களும் உண்டு. அவர்கள் ஏமாற்றுவது காவலரை அல்ல. வீட்டில் காத்திருக்கும் தாயை.

அதேசமயம் அதிகாரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றாகச் சொல்லும் வானிலை அறிக்கை மலை ஏறுகிறவனுக்குப் போதாது. அடிவாரத்தில் ஒரு கரும்பலகை வைக்கலாம். உச்சியில் எவ்வளவு குளிர், இன்று இடிக்கு வாய்ப்பு உண்டா, ஓடையில் நீர் எப்படி, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று தினமும் காலையில் நாலு வரி பெரிய எழுத்தில் எழுதலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் புரிந்துகொள்வார். இதற்குப் பெரிய செலவு இல்லை. மின்னல் எச்சரிக்கை தரும் 'தாமினி' செயலி கைபேசியில் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மலையில் பல இடங்களில் கைபேசியே எடுக்காது. பலகை எல்லார் கண்ணிலும் படும்.

மலைக்குப் போகிற குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான். பகலில் ஏறுவோர் விடியும்போதே புறப்பட வேண்டும். இரவில் ஏறியவர்கள் காலையிலேயே இறங்கத் தொடங்க வேண்டும். யாரானாலும் மத்தியானத்துக்குள் முகட்டை விட்டுவிட வேண்டும். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் நடைதான் எல்லாருடைய நடையும்.

வனக்காவலர் "இன்று வேண்டாம்" என்றால் திரும்பிவிட வேண்டும். பாதி வழியில் வானம் கறுத்தாலும் அப்படியே. அதில் வெட்கம் இல்லை. தெய்வக் குற்றமும் இல்லை. மலையும் அங்கேயே இருக்கும், சாமியும் அங்கேயே இருப்பார். போனவர்கள் பத்திரமாகத் திரும்பி வந்தால், அடுத்த வாரமும் போகலாம், அடுத்த வருஷமும் போகலாம்.