மறுபடி எப்போ சபர்?

காயல்பட்டினத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய ஆணிடம் சலாமுக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான். “மறுபடி எப்போ சபர்?” சபர் என்றால் பயணம். லீவு முப்பது நாளா, நாற்பது நாளா என்று தெரிந்தால்தானே விருந்துக்கு நாள் குறிக்க முடியும்! அதற்கு ஒருவர், “சபர் இல்லை, வேலையை விட்டுட்டு வந்துட்டேன்” என்று பதில் சொன்னால்? கேட்டவர் “அல்ஹம்துலில்லாஹ், நல்லது” என்பார். ‘என்ன ஆச்சோ’ என்று முகம் சொல்லும்.

அடுத்த வேலை கிடைக்கும் முன் கையில் இருக்கும் வேலையை விடுவது எந்த ஊரிலும் பயம்தான். இந்த ஊரில் அதோடு இன்னொரு முடிச்சும் உண்டு. அது வீடு.

இங்கே வீடு மகளுக்குப் போகும். கல்யாணமானதும் பெண் கிளம்புவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். கொழும்பு, ஹாங்காங், வளைகுடா என்று ஆண்கள் கடல் தாண்டிக்கொண்டே இருந்த ஊருக்கு இது தோதான ஏற்பாடு. ஆண் இல்லாத வருடங்களில் மனைவி தன் உம்மா, ராத்தா, தங்கச்சிகளோடு இருப்பார். தெருவுக்கு வராமலே பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வர முடுக்குகள் உண்டு.

ஆனால், ஆண் எங்கோ இருந்து சம்பாதிக்கிறார் என்பதை வைத்துத்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது. அவர் சம்பளம் இல்லாமல் ஊரோடு வந்துவிட்டால்? வாடகைக் கவலை இல்லை. வேலை இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்களுக்குக் கிடைக்காத பாக்கியம் இது. ஆனால் உட்கார்ந்திருப்பது மனைவியின் வீட்டில். மாமி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டார். “மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வைம்மா” என்பார். முதல் மாதம் அது பாசம். நாலாவது மாதம் அதே வார்த்தையைக் கேட்டால் சாப்பாடு இறங்காது.

இடம் மாறுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலையே தள்ளிவிட்டதில், பாண்டியர்களின் கொற்கைத் துறைமுகம் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. பழையகாயலும் அப்படித்தான் தூர்ந்தது. 1948-க்குப் பிறகு இலங்கையின் குடியுரிமை, குடிவரவுச் சட்டங்கள் இறுகியபோது, கொழும்பை நம்பியிருந்தவர்கள் வேறு திசை பார்க்க வேண்டி வந்தது. 2020-ல் வந்தே பாரத் விமானங்களில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களில் வேலை போய் வந்தவர்களும் இருந்தார்கள். இதெல்லாம் வேறு வழியில்லாமல் நடந்தவை. தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வருவது வேறு. ‘ஏன்?’ என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதில் பெரும்பாலும் சாதாரணமானது. உம்மாவுக்கு முடியவில்லை. அல்லது, வாப்பா என்றாலே பிள்ளைக்கு வீடியோ கால்தான் நினைவுக்கு வருகிறது.

‘இங்கே ஒரு வேலையைப் பிடித்துவிட்டு வரலாமே’ என்பார்கள். சொல்வது எளிது. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட் 4-ல் திறந்த வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை போன்ற பெரிய இடங்களுக்கு துபாயிலிருந்தே விண்ணப்பம் போட்டு வைக்கலாம். துறைமுகத்தைச் சுற்றியுள்ள சின்ன ஷிப்பிங் ஆபீஸ்களும் மொத்தக் கடைகளும் அப்படி இல்லை. தெரிந்தவர் அழைத்துப்போக வேண்டும், முதலாளி முகம் பார்க்க வேண்டும், “எப்போ சேர்றீங்க?” என்றால் “நாளைக்கே” என்று சொல்ல வேண்டும். ‘நோட்டீஸ் கொடுத்துட்டு மூணு மாசத்துல வரேன்’ என்பவருக்காக யார் காத்திருப்பார்? ஆக, விட்டுவிட்டு வருவதிலும் நியாயம் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

அமீரகத்தில் ஒருவர் 6 வருடம் வேலை பார்த்திருக்கிறார், அடிப்படைச் சம்பளம் 3,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்ளலாம். பணிக்கொடையாக முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். மொத்தம் 135 நாள், 13,500 திர்ஹம். ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய். முன்பெல்லாம் தானாக விலகினால் இதில் வெட்டு விழும். 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு அந்த வெட்டு இல்லை. ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

ஏமாந்து போகிற இடம் வேறு. 2023 முதல் அங்கே வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். மாதம் 5 திர்ஹம் கட்டுகிறவர்களில் பலர், வேலையை விட்டாலும் மூன்று மாதம் பணம் வரும் என்று நினைக்கிறார்கள். வராது. ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது. வங்கிக் கடன் பாக்கி இருந்தால், பணிக்கொடை வந்து விழும் கணக்கையே வங்கி முடக்கி வைக்கலாம். ஊரோடு வந்த பிறகு என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். வரி இல்லாமல் வந்த வட்டிக்கு இனி வரி உண்டு.

சரி, அந்த 3 லட்சம் எத்தனை மாதம் வரும்? இதற்குப் பதில் அவரிடம் இல்லை. மாதாமாதம் எவ்வளவு அனுப்பினோம் என்றுதான் அவருக்குத் தெரியும். அது எங்கெங்கே போனது என்று மனைவிக்குத்தான் தெரியும். பள்ளிக் கட்டணம், சீட்டு, பெரியவர்களின் மருந்து, கல்யாண வீட்டு மொய், இரண்டு பெருநாள். மாதம் 30,000 ஆகிறது என்று மனைவி சொன்னால் பத்து மாதம். அதில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஏழு. ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் எழுத வேண்டிய காகிதம் இதுதான். மனைவி பட்டம் படித்தவராக இருந்தால், அவர் சம்பாதிக்கும் வழியையும் அதே காகிதத்தில் எழுதலாம். ஊருக்குள்ளேயே பெண்கள் கல்லூரி வந்துவிட்ட காலத்தில் இதைக் கேட்கவே தயங்குவது வேடிக்கை.

முதல் மாதத்தை வேலை தேடும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது களறிச் சாப்பாட்டிலும் சலாம் சொல்லப் போவதிலுமே கரைந்துவிடும்.

பிறகு, கெடு. “ஆறு மாசம் பார்க்கிறேன் மாமி. அமையலைன்னா மறுபடி சபர்தான்” என்று டிக்கெட் போடும் முன்பே சொல்லிவிட்டால், நாலாவது மாதத்திலும் மாமி வைக்கச் சொல்லும் அந்த ரெண்டை நிம்மதியாகச் சாப்பிடலாம். தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. மனைவி, மாமி, உம்மா மூவருக்கும் தெரிந்தால் போதும். இதில் உம்மா இருப்பது வேறு தெருவில், தன் மகளோடு. அவரிடம் முதல் ஆளாகச் சொல்லிவிட வேண்டும். தாமதித்தால் முடுக்கு வழியாகச் செய்தி முந்திக்கொள்ளும்.