வைத்திருந்தவன் ஓடிய கதை

‘திருகோணமலை யார் கையிலோ, இந்து சமுத்திரம் அவர் கையில்.’ தேர்தல் மேடை, நினைவுப் பேருரை, ஞாயிறு வாரமலர் என்று எங்கே போனாலும் இந்த வசனம் முன்னால் வந்து குந்திக்கொள்கிறது. அதன் வாலும் பின்னாலேயே வரும்: இந்தியா, சீனா, அமெரிக்கா எல்லாம் இந்தத் துறைமுகத்துக்காக முண்டியடிக்கின்றன, ஆகவே கெட்டித்தனமாகப் பேரம் பேசினால் நாடு பிழைத்துக்கொள்ளும். திருகோணமலைக்குப் பக்கத்து மீனவர் ஊரான சல்லியில் இருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் அந்தச் சமுத்திரத்தை ஆளுகிற கதை. 1942 ஏப்ரலில் துறைமுகம் பிரித்தானியர் கையில்தான் இருந்தது. ஜப்பானியர் வருகிறார்கள் என்று தெரிந்ததும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடிரவாக வெளியே போகச் சொன்னார்கள். 9ஆம் திகதி காலை திருகோணமலையில் குண்டு விழுந்தது. தப்பிப் போன விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் தாண்டது. பிறகு கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி கென்யாவின் கிலிண்டினிக்குப் பின்வாங்கியது. இப்பேர்ப்பட்ட இயற்கைத் துறைமுகத்தை வைத்திருந்தவன் ஆபிரிக்கக் கரைக்கு ஓடினான்! 1782இலும் இதே கூத்துத்தான்: ஒரே வருடத்தில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தார்கள், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பறித்தார்கள். சமுத்திரம் இருவருக்கும் வசப்படவில்லை.

கப்பல் பாதையா? அது தேவேந்திரமுனைக்குத் தெற்கே போகிறது. கொள்கலன்கள் கொழும்பில் இறங்குகின்றன.

இனிப் பேரம். 1987 யூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களை மேடைக்காரர் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலையை எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடுவதில்லை என்பது அதில் ஒன்று. சீனன்குடா எண்ணெய்க் குதங்களைக் கூட்டாகத் திருத்துவது இன்னொன்று. முதலாவது கையெழுத்தோடு முடிந்த காரியம். இரண்டாவதோ இழுபட்டது. 2003இல் இந்தியாவின் லங்கா ஐஓசி வந்தும் 99 தாங்கிகளில் பாவனைக்கு வந்தவை 15 அளவில்தான். 61 தாங்கிகளுக்குக் கூட்டுக் கம்பனி என்று கையெழுத்தாக 2022 சனவரி ஆயிற்று. காட்டுக்குள் தாங்கிகள் துருப்பிடித்ததில் டில்லிக்கு என்ன நட்டம்? பிறத்தியான் உள்ளே வராதவரை அதற்குப் போதும். நீங்கள் சும்மா கிடப்பதையே விரும்புகிறவனிடம் எதைக் காட்டிப் பேரம் பேசுவது? அம்பாந்தோட்டையைப் பார் என்பார்கள். பார்த்தோம்: கடன் கழுத்தை நெரித்தபோது 2017இல் சீனக் கம்பனிக்கு 99 வருடக் குத்தகைக்குப் போனது.

கூட்டுக் கம்பனிக்குக் கையெழுத்தான அதே 2022இல் சீனன்குடாவில் அத்தனை தாங்கிகள் நிற்க, சல்லிக் கரையில் வள்ளங்கள் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் மணலில் கிடந்தன. ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது.

2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் சேர்ந்து திருகோணமலையில் ‘எரிசக்தி மையம்’ என்று ஒப்பமிட்டன. மேடைகளுக்கு இன்னும் பத்து வருடத்துக்கு வசனம் கிடைத்தாயிற்று. மண்ணெண்ணெய் மானியம் பற்றியோ மீன்பிடியில் சுருக்குவலைத் தகராறு பற்றியோ அந்த மேடைகளில் ஒருவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.