நித்திரை வரேல்லையோ எண்டு கேட்டால் மட்டும் காணுமோ?

அமெரிக்காவில் 1964க்கு முன்னர் கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஏறத்தாழ 100 இன்றைக்கும் இயங்குகின்றன. மற்றக் கல்லூரிகள் கதவைச் சாத்திய காலத்தில் உருவான இடங்கள் அவை. அங்கே மாணவர்களின் உடல்நலம், மனநலம் பற்றி ஆய்வுகள் நடக்கின்றன. நல்ல விசயம்தான். ஆனால் என்ன கேக்கினம் என்பதில்தான் எனக்குப் பிரச்சினை.

கல்லூரி மாணவர் ஆய்வுகளில் அடிக்கடி வருவது பி.எச்.கியூ-9 என்ற வினாக்கொத்து. கடந்த இரண்டு கிழமையாக நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, களைப்பாக இருந்ததா என்று 9 விசயங்களைக் கேட்டு, புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உதவுகிற கருவிதான். ஆனால் நித்திரை ஏன் வரேல்லை எண்டு அது கேக்காது.

2021 ஒக்டோபரில் வொஷிங்டனில் உள்ள ஹவார்ட் பல்கலைக்கழக (ஹார்வர்ட் வேற, இது வேற) மாணவர்கள் வளாகக் கட்டடம் ஒன்றுக்குள் புகுந்து இருந்துகொண்டார்கள். வெளியிலும் கூடாரம் அடித்துப் படுத்தார்கள். விடுதி அறைகளில் பூஞ்சணம், எலி என்பது அவர்களின் முறைப்பாடு. ஒரு மாதத்துக்கு மேல் போனது அந்தப் போராட்டம். அந்தப் பிள்ளைகளிடம் இந்த வினாக்கொத்தை நீட்டியிருந்தால் "நித்திரையில்லை" என்ற பெட்டியில் புள்ளடி விழுந்திருக்கும். உளவளத்துணையாளர் ஒருவரை நியமிக்கச் சொல்லி அறிக்கை வந்திருக்கும். பூஞ்சணம் அப்பிடியே இருந்திருக்கும்.

அதனால அறையைப் பற்றிக் கேளுங்கோ. கட்டணம் கட்டக் காசில்லாமல் படிப்பை விடவேண்டி வருமோ, மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்றும் கேளுங்கோ.

மற்றது, நம்பிக்கை. 1932இல் அலபாமாவின் டஸ்கீகியில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை ஒரு ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் நோயிருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு அந்த நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. 1940களில் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1972 வரைக்கும் 40 வருசம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அதற்குத் துணைநின்ற டஸ்கீகி கல்வி நிறுவனமும் இதே வகைக் கல்லூரிதான். ஆகவே "எங்கட ஆக்கள்தான் ஆய்வு செய்யினம்" என்ற ஒரு உறுதிமொழி அங்கே செல்லாது. படிவத்தை நிரப்பத் தயங்குகிற மாணவிக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதுவது அநியாயம். அவருக்கு வரலாறு தெரியும், அவ்வளவுதான்.

கேள்விகளை எழுதும்போதே மாணவர்கள் மேசையில் இருக்க வேணும். முடிவுகளும் நிர்வாகத்தின் கைக்குப் போக முதல் அவர்களின் கைக்கு வர வேணும்.