துரை கொடுத்த துப்பாக்கியும் காலித் தோட்டாக்களும்

கொள்ளேகாலத்தைக் கடந்து மாதேசுவரன் மலைக்குப் போகும் சாலையில் உள்ள கௌதள்ளியிலிருந்து நம் சங்கத்து அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டனார் ஓர் ஆங்கிலத் துரையிடமிருந்து பெற்ற வேட்டைத் துப்பாக்கி தகப்பனார் கைக்கு வந்தது. தகப்பனாரும் சென்ற ஆண்டு காலமாகிவிட, இப்போது அது வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். உடன் ஒரு தகரப் பெட்டி நிறையச் சுட்டுக் கழித்த காலித் தோட்டாக்கள். "அமெரிக்காவில் வீட்டிலேயே மருந்து அடைத்துக்கொள்ளுகிறார்களாமே, என் தமக்கை மகன் வேண்டிய சாமான்களை வரவழைத்துத் தருகிறேன் என்கிறான், நாமும் செய்தால் என்ன?" என்பது அவர் கேள்வி. குழலின் மேல் வின்செஸ்டர் 1895 மாதிரி என்றும், .405 என்றும் பொறித்திருக்கிறதாம்.

அப்படியானால் அது சாமானியமான துப்பாக்கியன்று. ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்க மேதை வகுத்த அமைப்பு. விசையைச் சுற்றியுள்ள நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய குப்பி வெளியேறிப் புதிய தோட்டா உள்ளே ஏறும். .405 தோட்டா 1904-ல் வந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்கக் காடுகளுக்குச் சென்றபோது சிங்க வேட்டைக்கு இதையே பெரிதும் நம்பினார். நமக்கு அருகில், பெங்களூரில் வாழ்ந்து 1974-ல் மறைந்த கென்னத் ஆண்டர்சனும் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிக் காவேரிக் கரைக் காடுகளில் அலைந்த நாட்களில் சுமந்தது .405 வின்செஸ்டர்தான். பிற்காலத்தில் இந்தத் தோட்டா நெடுங்காலம் செய்யப்படாமல் கிடந்தது. துப்பாக்கி மூன்று தலைமுறைக்கு உழைக்கும். தோட்டாவோ கடைக்காரன் தயவு. மருந்தடைக்கும் ஆசை பலருக்கு இந்தத் தட்டுப்பாட்டினாலும் பிறந்தது. இங்கிலாந்தின் கைனாக் கம்பெனி பெரிய வேட்டைத் தோட்டாக்களைச் செய்வதை நிறுத்தியபின், பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றை உயிரோடு வைத்திருந்தவர்கள் வீட்டில் மருந்தடைத்தவர்களே.

வேலை என்னவோ கேட்பதற்கு எளிதுதான். தோட்டாவில் நான்கு அங்கம்: பித்தளைக் குப்பி, அதன் அடியில் பொருந்திய கேப்பு, உள்ளே மருந்து, வாயில் ரவை. சுடும்போது கேப்பும் மருந்தும் எரிந்துபோகின்றன, ரவை பறந்துபோகிறது, குப்பி மட்டும் மிஞ்சுகிறது. சூட்டின் அழுத்தத்தில் விரிந்த அந்தக் குப்பியை எஃகு அச்சில் நுழைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, செத்த கேப்பைத் தள்ளிப் புதியது பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, ரவையை அழுத்தி உட்கார்த்துகிறார்கள். கேப்பில் இரண்டு ஜாதி உண்டு. பாக்ஸர் என்பது ஓர் ஆங்கிலப் படைத் தளபதி கண்டது. பெர்டன் என்பது ஓர் அமெரிக்கன் கண்டது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கர்கள் ஆங்கிலேயனுடையதை எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பியர்கள் அமெரிக்கனுடையதை எடுத்துக்கொண்டார்கள்! பாக்ஸர் கேப்பை நடுத்துளை வழியே ஊசியால் தள்ளிவிடலாம். பெர்டன் அவ்வளவு எளிதில் வராது.

மருந்தை நிறுக்கும் அளவு கிரெயின். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்; ஒரு கிராமுக்கு ஏறத்தாழ பதினைந்தரை. பொற்கொல்லரின் தராசுக்குரிய நுட்பம் இது. பழைய கருமருந்துக் காலத்தில் கரண்டியால் அளந்து கொட்டினார்கள். குப்பி நிறையப் போட்டாலும் பெரும்பாலும் புகைதான் மிகும். புகையில்லா மருந்து அப்படிப்பட்டதன்று. சிறிதளவு கூடினாலும் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும், குழல் பிளக்கும், முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும் இரும்பு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. வெயிலும் இதில் சேர்ந்துகொள்ளும். கார்டைட் மருந்து நம் நாட்டு வெப்பத்தில் மிகுந்த அழுத்தம் தந்ததால், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அளவைக் குறைத்துத் தனித் தோட்டாக்களே செய்தார்கள் ஆங்கிலேயர்.

தகரப் பெட்டியில் கிடக்கும் பித்தளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக் குப்பிகள், எவரும் தொடாமலே, தாமாக வெடித்து விரிசல் கண்டன. லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு, ஈரத்தோடு சேர்ந்து, இறுக்கத்தில் இருக்கும் பித்தளையைப் பிளக்கிறது என்று 1921-ல் விளக்கினார்கள். மாட்டுக் கொட்டிலை ஒட்டிய அறையில் பல மழைக்காலம் கண்ட பெட்டியை எண்ணிப் பாருங்கள். விரிசல் மயிரிழை அளவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலும் பழைய கேப்புகளிலிருந்த பாதரச மருந்து, சுட்ட பித்தளையையே நொறுங்கும்படி ஆக்கிவிடுவதுண்டு.

இவ்வளவும் கைத்திறனைப் பற்றியது. சட்டம் வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் விளக்கத்தில், தோட்டாவின் பகுதிகளும், தோட்டா செய்யும் இயந்திரமும் "தோட்டா" என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப்பின் இக்குற்றத்துக்குக் குறைந்த தண்டனை ஏழு ஆண்டுச் சிறை, கூடினால் ஆயுள். அன்பரின் தமக்கை மகன் வரவழைக்கப்போகும் அச்சும் தராசும் எத்தகைய விருந்தாளிகள் என்பது இதிலிருந்து விளங்கும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். குடகில் கொடவரும் சம்மா நிலமுடையோரும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கிறார்களே என்று சிலர் வாதிப்பார்கள். அது அவர்களுக்கென்று அளித்த விலக்கு, 2029 வரை நீட்டித்தது, கௌதள்ளிக்கு வராது. "நூறாண்டுப் பழசு, புராதனப் பொருள்" என்ற வாதமும் செல்லாது. பழுது பார்த்தாலும் பயன்படுத்த முடியாத ஆயுதத்துக்கே அந்த விலக்கு. நம் அன்பர் தம் துப்பாக்கி நன்றாக வேலை செய்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறார்.

எதைச் சுடுவது என்பதும் ஒரு கேள்வி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும், 1991-ல் வந்த திருத்தமும் வேட்டையை அடியோடு நிறுத்திவிட்டன. சோளத்தை அழிக்கும் பன்றியானாலும் வனத்துறையின் அனுமதி வேண்டும். கௌதள்ளியைச் சுற்றி 1987-ல் காவேரிச் சரணாலயமும், 2013-ல் மலை மாதேசுவரச் சரணாலயமும் ஏற்பட்டுவிட்டன. சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வசிக்கும் துப்பாக்கி உரிமமுடையோர் தம் பெயரைத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அவர் இசைவின்றி அங்கே புது உரிமம் தரலாகாது. ஊரார் பலர் இதை அறியார்.

ஆகையால் அன்பர் முதலில் செய்யவேண்டியது துப்பாக்கியை ஒப்படைப்பதுதான். தகப்பனார் பெயரிலிருந்த உரிமம் அவரோடு போயிற்று. அலமாரியில் அது இருக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டாருக்குப் பொறுப்பு. 21-வது பிரிவின்படி, அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ வைத்துவிடலாம். பிறகு வாரிசு என்ற முறையில் சாமராசநகர் ஜில்லா டெபுடி கமிஷனருக்கு மனுச் செய்யலாம். 2016-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு இடம் தருகின்றன. மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் இணைக்க வேண்டும். தமக்கை உயிரோடு இருக்கிறார் என்பதால் அவர் கையெழுத்தும் தேவை. பெற விருப்பமில்லையேல் ஒப்படைத்த இடத்திலிருந்தே விற்றுவிடவும் வழியுண்டு. காலம் கடந்தால் சர்க்காருக்குச் சேர்ந்துவிடும்.

ரயில்வேக்காரன் என்ற முறையில் இன்னொன்று. மைசூரில் யாரிடமாவது காட்டலாம் என்று, மருந்துள்ள பழைய தோட்டாவைத் துணிப்பையில் சுற்றி வண்டியில் கொண்டுவர வேண்டாம். 1989-ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டத்தின் 164-வது பிரிவு, அபாயகரமான பொருளை முறையின்றிக் கொண்டுவருபவருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. உள்ளூர் நிலையத்துக்கே, முதலில் தகவல் சொல்லிவிட்டு, துப்பாக்கியை வெறுங்குழலாக எடுத்துச் செல்லுங்கள். தகரப் பெட்டியையும் உடன் கொடுத்து, துப்பாக்கியின் எண்ணையும் குப்பிகளின் எண்ணிக்கையையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.