தீவகத் தாதியருக்குப் பொறுப்போடு அதிகாரமும் வேண்டும்

வடக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்று நியமனக் கடிதத்தில் கண்டவுடனேயே தாதியர் இடமாற்றம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று குறை சொல்பவர்கள் பலர். அந்தப் பிள்ளைகள் மீது மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சோளகக் காற்று பலத்துவிட்டால் அந்தப் பயணத்துக்கும் உத்தரவாதமில்லை. நெஞ்சுவலியோடு வந்த ஒருவரை இரவிலே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்தியர் முடிவெடுக்கிறார் என்று வையுங்கள். அம்புலன்ஸ் படகோ கடற்படைப் படகோ வரும்வரை நோயாளியின் நாடியையும் மூச்சையும் பார்த்துக்கொண்டு நிற்பவர் தாதி. படகில் கூடப் போகிறவரும் தாதியென்றால், விடுதியில் இருக்கிற மற்ற நோயாளருக்கு யார்? போனவர் திரும்பி வர அடுத்த நாள் படகு வேண்டும். உப்புத்தண்ணீரில் நனைந்து, கண் மூடாமல் வந்து இறங்குகிறவரின் பெயர் அன்றைய கடமைப் பட்டியலிலும் இருந்தால் அவர் எப்படி ஊசி மருந்தின் அளவைப் பிழையில்லாமல் எடுப்பார்? கட்டில்களை மட்டும் எண்ணி ஆளணியைத் தீர்மானித்தால் இந்தக் கடல் கணக்கில் வராது.

நயினை நாகபூசணி அம்மன் திருவிழா, கச்சதீவு அந்தோனியார் திருவிழா நாட்களும் அந்தக் கணக்கில் வராதவைதான். சனம் திரளும்போது எத்தனை பேர் வேண்டும், எந்த மருந்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே வேலை செய்கிறவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்டுத் திட்டமிட வேண்டும்.

தாதியரையே கேட்டறிவது புதிய யோசனை அல்ல. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தாதியர் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அங்கிருந்த தாதியியல் அக்கடமி, தாதியர் விட்டுப் போகாமல் நிலைத்திருக்கிற வைத்தியசாலைகளைத் தேடிப் போய், இவர்கள் ஏன் இங்கே நிற்கிறார்கள் என்று கேட்டது. 1983இல் வெளிவந்த அந்த ஆய்வு 41 வைத்தியசாலைகளை அடையாளம் கண்டது. அங்கெல்லாம் தலைமைத் தாதி நிர்வாகத்தில் சொல்வாக்கு உள்ளவராக இருந்தார். வேலை நேரத்தை வகுப்பதில் தாதியருக்கும் பங்கு இருந்தது. நோயாளியைப் பற்றி அவர்கள் சொன்னதை வைத்தியர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். பெரிய பணக்கார நாட்டுக் கதை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். இந்த மூன்றுக்கும் கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை.

ஆகவே, தீவக வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் பொறுப்புத் தாதிக்கு அந்தப் பெயரோடு அதிகாரத்தையும் கொடுங்கள். காற்றையும் படகு நேரத்தையும் அறிந்த அவரே கடமைப் பட்டியலை வகுக்கட்டும். வீடு வெளியூரில் உள்ளவர்களுக்குச் சில நாட்கள் தொடர்ந்து கடமை, பிறகு தொடர்ந்து ஓய்வு என்று அமைத்தால் பாதி அலைச்சல் குறையும். நோயாளியோடு கடல் கடந்தவருக்கு மறுநாள் ஓய்வு என்பதை எழுத்திலேயே உறுதிப்படுத்துங்கள். அந்த வெற்றிடத்தை நிரப்ப ஒருவரைக் கூடுதலாக நியமிக்காமல் இது நடக்காது. அதையும் தெரிந்தே கேட்கிறேன்.

இன்னொன்று. பிழை நடந்தால் விளக்கம் கோரும் கடிதம் போவதற்கு முன்னால், என்ன நடந்தது என்று யாராவது நேரில் வந்து கேட்க வேண்டும். பயந்தவர் பிழையை மறைப்பார். மறைத்த பிழை அடுத்த நோயாளியிலும் நடக்கும். இரவிலே குடித்துவிட்டு வந்து சத்தம் போடுகிறவரைப் பற்றிக் கடமையில் இருக்கும் ஒரு இளம் தாதி முறையிட்டால், அன்றைக்கே அந்தத் தாதிக்குப் பக்கபலமாக நிற்க ஒரு மேலதிகாரி இருக்க வேண்டும். தங்குமிடத்தில் பூட்டக்கூடிய கதவும் குடிக்கக்கூடிய தண்ணீரும் இருக்கின்றனவா என்பதை அறிக்கையில் படித்து அறிய முடியாது. ஓரிரவு அங்கே தங்கிப் பாருங்கள்.

அடுத்த இடமாற்றப் பட்டியலில் கையொப்பமிடுவதற்கு முன்னர், போகலாம் என்ற காலம் வந்த பிறகும் தீவுகளில் தங்கிவிட்ட தாதியரை அழைத்து, ஏன் இங்கேயே இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதியெடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு புதிதாக வருகிறவர்களுக்கான ஏற்பாடுகளைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தீவகத்தான் ஒருவன்