கசப்புக்கு மதிப்பெண் இருக்கிறது, கள்ளுக்கு?

பீர் வகைகளில் ‘இந்தியா பேல் ஏல்’ என்று ஒன்று உண்டு. சுருக்கமாக ஐ.பி.ஏ. என்பார்கள். பேரில் மட்டும்தான் இந்தியா. உழவர் பத்திரிகையில் பீரைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். எழுத வேண்டியதுதானுங்க. அந்த பீரை அவர்கள் நாக்கில் வைத்து எடை போடும் முறையை நாம் பார்க்காமல் இருப்பதால், நம்ம தென்னைக்கும் பனைக்கும் கிடைக்க வேண்டிய நியாயம் தள்ளிக்கொண்டே போகிறது என்பது என் எண்ணம்.

போன மாசம் பெங்களூரு போயிருந்தேன். தங்கச்சி மகன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். இந்திரா நகர்ப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு எவர்சில்வர் அண்டாக்கள். “இங்கயே காய்ச்சி இங்கயே ஊத்தறாங்க மாமா, பாட்டிலே கெடையாது” என்றான். இதற்கு மைக்ரோ ப்ரூவரி என்று பேர். சுவரில் ஒரு கரும்பலகை. அன்றைக்கு என்னென்ன பீர் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஆல்கஹால் எத்தனை சதவீதம், கசப்பு எத்தனை, என்றைக்குக் காய்ச்சியது, எல்லாம் சாக்பீஸில் எழுதியிருந்தது. ஐ.பி.ஏ.வுக்கு நேராக 6.2 சதவீதம், கசப்பு 55 என்று இருந்தது.

கிளாஸ் வந்தது. தேன் நிறம், கொஞ்சம் கலங்கல். மேலே ஒரு விரல் கனத்துக்கு நுரை, சட்டென்று அடங்காமல் நின்றது. மோந்து பார்த்தால் நாரத்தை இலையைக் கசக்கின மாதிரி ஒரு வாசம், அடியில் மாங்காய்க் காம்பை ஒடித்தால் வருமே, அந்தப் பால் வாசம். வாயில் வைத்ததும் வறுத்த தானியத்தின் மெல்லிய இனிப்பு. அது போவதற்குள் கசப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. வேப்பம்பூ ரசத்துக் கசப்பு மாதிரி வந்து போகிற கசப்பாக இருந்தால் பரவாயில்லை. இது பாகற்காயை வேகவிடாமல் தின்ற மாதிரி அடித்தொண்டையில் நின்றது. அதோடு ஐஸ் கணக்காக ஜில்லென்று கொடுத்துவிட்டார்கள். பத்து நிமிசம் மேசையில் வைத்த பிறகுதான் வாசமே வெளியில் வந்தது.

“எப்படிங் மாமா?” என்றான்.

“மூக்குக்கு நல்லா இருக்குது மாப்ள. தொண்டைக்கு அத்தனை இல்லை. ஐம்பதுக்கு முப்பத்து நாலு போடலாம்” என்றேன்.

ஐம்பது என்ற கணக்கை நான் இட்டுக்கட்டவில்லை. பீர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தேர்வு வைத்து எடுக்கும் அமெரிக்க அமைப்பு ஒன்று 1985 முதல் இருக்கிறது. அவர்களுடைய மதிப்பெண் தாளில் மொத்தம் 50. வாசத்துக்கு 12, பார்வைக்கு 3, ருசிக்கு 20, வாயில் அது எப்படி உணரப்படுகிறது என்பதற்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. ஐ.பி.ஏ. என்றால் ஆல்கஹால் ஐந்தரையிலிருந்து ஏழரை சதவீதம், கசப்பு 40-லிருந்து 70 என்று இலக்கணமே எழுதி வைத்திருக்கிறார்கள். குற்றங்களுக்கும் பேர் இருக்கிறது. வெண்ணெய் வாடை வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை. நனைந்த அட்டை வாடை வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. வேகவைத்த மக்காச்சோள வாடை வந்தால் காய்ச்சியதில் கோளாறு. கையில் கருவி எதுவும் இல்லாமல், மூக்கையும் நாக்கையும் வைத்தே தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த பீருக்கு ‘இந்தியா’ எப்படி ஒட்டிக்கொண்டது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில் ‘போ’ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை இருந்தது. அங்கிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் ஏற்றினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர நாலு மாசம், ஆறு மாசம் ஆகும். அத்தனை நாள் கெடாமல் இருக்க ஹாப்ஸ் பூவைக் கூடுதலாகப் போட்டார்கள். ஹாப்ஸ் ஒரு கொடி, கஞ்சாச் செடிக்குச் சொந்தக்காரி. அதன் பெண் பூவில் இருக்கும் கசப்புக்குப் புளிக்க வைக்கும் பாக்டீரியாவைத் தடுக்கும் குணம் உண்டு. 1820-களில் பர்ட்டன் ஊர்க்காரர்கள் போட்டிக்கு வந்தார்கள். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அதனால் கசப்பு இன்னும் துலக்கமாக நின்றது. நம்ம ஊரில் களர் நிலத்துக்குப் போடுகிறோமே, அதே ஜிப்சம்தான்.

நம்ம நாட்டில் இருந்த வெள்ளைக்காரர்கள் குடிப்பதற்காகச் செய்த பானம் அது. அதற்கு நம்ம நாட்டின் பேர். இங்கே மரத்திலிருந்து தினமும் இறங்கிக்கொண்டிருந்த கள்ளுக்கோ, அதே வெள்ளைக்கார அரசு குத்தகையும் வரியும் வைத்தது.

பெங்களூருக் கிளாஸில் இருந்தது எந்த உழவனுடையது என்று விசாரித்தேன். ஊத்திக்கொடுத்த தம்பி பொறுமையாகப் பதில் சொன்னார். பார்லி கொஞ்சம் ராஜஸ்தானிலிருந்து, மீதி ஐரோப்பாவிலிருந்து. ஹாப்ஸ் அமெரிக்கா. இமாசலத்தில் லாஹூல் பக்கம் ஹாப்ஸ் விளைகிறதே என்று கேட்டேன், இந்த வாசம் அதில் வராது என்றார். ஈஸ்ட் பொட்டலத்தில் வருகிறது. தண்ணீர் மட்டும் உள்ளூர். வடித்த பிறகு மிஞ்சும் ஈரத் தவிடு மாட்டுப் பண்ணைக்குப் போகிறதாம். கிளாஸ் விலை நானூறு ரூபாயைத் தொட்டது. அந்த நானூறில் நம்ம பக்கத்து உழவனுக்குப் போவது, மாட்டுக்கு மலிவாய்க் கிடைக்கும் தவிடு ஒன்றுதான்.

இப்போது நம்ம பக்கம் வாருங்க. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டினால் கேரளம். கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் தாண்டினாலும் கேரளம். அந்தப் பக்கம் சித்தூர்த் தென்னந்தோப்புகளில் பாளை சீவுகிறார்கள், கடையில் விற்கிறார்கள். இந்தப் பக்கம் அதே மண், அதே மரம், அதே காற்று. ஆனால் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கினால் குற்றம். அரசின் டாஸ்மாக் கடையிலோ 42.8 சதவீதச் சரக்கு. இந்த வாதத்தை நம்ம இயக்கத்தார் பல காலமாகப் பேசுகிறார்கள், கள் இயக்கத்தின் செ. நல்லசாமி அவர்கள் ஊர் ஊராகப் பேசியிருக்கிறார். அதை நான் மறுபடியும் எழுதப்போவதில்லை.

நான் எழுத வந்தது வேறு. ‘கள் உணவு, போதை அல்ல’ என்ற முழக்கத்தில் எனக்குப் பாதிதான் சம்மதம். பாளையிலிருந்து சொட்டும்போது அது சர்க்கரைத் தண்ணீர், நூற்றுக்குப் பன்னிரண்டு பதினைந்து பங்கு சர்க்கரை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீராக நிற்கும். தடவாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அந்த நிமிசமே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கிய கள் சாயங்காலத்துக்குள் நாலு, அஞ்சு சதவீத ஆல்கஹாலுக்குப் போய்விடும். கிட்டத்தட்ட பீரின் கணக்கு. ஒரு நாள் தாண்டினால் காடியாகத் திரும்பும். ஆக, காலை ஏழு மணிக் கள் ஒரு பானம், சாயங்காலம் ஆறு மணிக் கள் இன்னொரு பானம். இரண்டையும் ஒரே பேர் சொல்லி உணவு என்றால், குடியால் வீடு அழிந்ததைக் கண்ணால் பார்த்த நம்ம ஊர்ப் பெண்கள் நம்ப மாட்டார்கள். நம்பவும் வேண்டாம். எந்த அளவு குடித்தாலும் உடம்புக்குப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. கள்ளுக்கும் அது பொருந்தும், ஐ.பி.ஏ.வுக்கும் பொருந்தும். இதே கொங்கு மண்ணில்தான் 1921-ல் ஈரோட்டில் பெரியாரும் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியல் செய்தார்கள். அதற்கும் காரணம் இருந்தது.

அப்படியானால் எதைக் கேட்பது? கரும்பலகையைக் கேட்பது. அந்தக் கடைச் சுவரில் இருந்த மாதிரி, எந்தத் தோட்டத்து மரம், எத்தனை மணிக்கு இறக்கியது, இப்போது எத்தனை சதவீதம் என்று எழுதிவைத்துவிட்டு விற்கும் உரிமையைக் கேட்பது.

கள்ளுக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் கலப்படம். அதை நாம் சும்மா தட்டிவிடக் கூடாது. கேரளத்தில் குளோரல் ஹைட்ரேட் கலந்த கள் பிடிபட்ட வழக்குகள் எத்தனையோ. மரம் கொடுப்பதைவிடக் கடை அதிகம் விற்கும்போது நடுவில் தண்ணீர் சேரும், தண்ணீர் சேர்ந்தால் போதை குறையும், குறைந்த போதையை ஈடுகட்ட மாத்திரை சேரும். இதைப் போலீஸ் மட்டும் தடுத்துவிட முடியாது. குடிக்கிறவன் நாக்குக்குத் தெரிய வேண்டும். ‘கிக்கு இருக்குதா’ என்று மட்டும் கேட்கிறவனுக்குக் கலப்படக் கள்தான் நல்ல கள். நாரத்தை வாசம் வரவில்லை என்று நானூறு ரூபாய் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கிற வாடிக்கையாளன் அங்கே இருப்பதால், அந்த ஆலைக்காரன் பயந்து தொழில் செய்கிறான்.

நல்ல கள் எப்படி இருக்கும்? தென்னங்கள் என்றால் மோர் நிறம், நீலம் பாயக் கூடாது. காதுக்குப் பக்கத்தில் வைத்தால் மெல்லிசாகப் பொரிகிற சத்தம் கேட்க வேண்டும். முதலில் இளநீர் இனிப்பு, பிறகு புளிப்பு, இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் இருக்க வேண்டும். அழுகின முட்டை வாடை வந்தால் கலயம் கழுவவில்லை. மூக்கைக் குத்தினால் நேற்றையது. ஒரேயடியாகத் தித்தித்துக் கடைசியில் நாக்கில் கசப்புத் தட்டினால் சாக்கரின் போட்டிருக்கிறது. பனங்கள்ளுக்குத் தனி இலக்கணம். தை பிறந்த பிறகு சில மாசங்கள்தான் வரும், மணம் கனமாக இருக்கும். இதெல்லாம் நம்ம பெரியவர்களுக்கு அத்துப்படி. பெங்களூருவில் 50 மதிப்பெண் தாளில் எழுதிவைத்திருப்பதை நம்ம ஊரில் ஒருத்தரும் தாளில் எழுதவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேடிக்கை ஒன்று உண்டு. ஆறு மாசக் கப்பல் பயணத்தைத் தாங்கச் செய்த ஐ.பி.ஏ.வை, இன்றைக்குக் காய்ச்சிய சில வாரத்துக்குள் குடித்துவிட வேண்டும், ஹாப்ஸ் வாசம் போய்விடும் என்கிறார்கள். ‘புதுசு’ என்பதற்கே அங்கே காசு. மரத்தடியிலேயே குடிக்க வேண்டிய பானம் நம்மிடம் இருக்கிறது. அதைக் கடைக்கு ஏலம் விட்டு லாரியில் ஏற்றச் சொல்லிக் கேட்டால் பழைய கதைதான் திரும்பும். தோட்டத்துக்காரர், தன் தோட்டத்தில், தன் மரத்துக் கள்ளை, அன்றன்றைக்கு விற்கலாம் என்று கேட்பதே சரி. நீராவுக்கு 2017-ல் அரசு விதி கொண்டுவந்தது, ஆனால் அதைப் புளிக்க விடாமல் ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவதிலேயே சின்ன உழவனின் கைக்காசு கரைகிறது.

இயற்கை விவசாயிகளுக்கு இதில் தனிப் பொறுப்பும் இருக்கிறது. தென்னை வேரில் மோனோகுரோட்டோபாஸ் கட்டுகிற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப நாளாக இருந்தது. கட்டினால் 45 நாளைக்குக் காய் பறிக்கக் கூடாது என்பார்கள். காய்க்கே அந்தக் கணக்கென்றால், அதே மரத்தின் சாற்றைத் தினமும் ஒன்றரை லிட்டர் இறக்கிக் குடிப்பதற்கு என்ன கணக்கு? மதிப்பெண் தாளில் நான் முதல் இடம் கொடுப்பது இதற்குத்தான். மருந்து கட்டின மரம் என்றால் வாசம் எப்படி இருந்தாலும் சுழி.

அடுத்த கூட்டத்தில் கள் உரிமைத் தீர்மானம் போடும்போது இந்தத் தாளையும் சேர்த்துப் போடலாம் என்பது என் யோசனை. அதை எழுத வேண்டியவர்கள் பாளை சீவினவர்கள். எங்கள் ஊரில் சீவத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் மிச்சம். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது, ஒருவர் இப்போது மரம் ஏறுவதில்லை. உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று எழுதுங்க. அவர்கள் கள்ளை மோந்து பார்த்து என்ன சொல்கிறார்கள் என்பதையும், அவர்கள் வாய்ச்சொல் மாறாமல், சேர்த்து எழுதுங்க.